கண்காணியும் கணக்கும்

சொல்லொன்று ஊர்விட்டு ஊர் செல்லும்போது அதன் பொருளும் உடன் நடந்து மாறும். ‘கண்காணி’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இச்சொல் ‘கங்காணி’ என்னும் வடிவிற் பழகியது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் எண்ணியவர் அவர். ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவரும் அவரே. முன்பணம் கொடுத்துக் கடன் எழுதி வைத்தவரும் அவரே. வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று காசு பெற்றவரும் அவரே. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளரை உதவிப்பணம் கொடுத்து அழைத்துவருவதைத் தடுத்தபின் அம்முறை முடிவுற்றது. எனினும், அவர் கையிலிருந்த கணக்கை உழைத்தவர் வாங்கிப் பார்க்க இயலாதிருந்த கசப்பு, தோட்டத்து முதியோர் சொல்லிச் சென்ற கதைகளில் இன்னும் நிற்கின்றது.

இதே சொல் முற்றிலும் வேறான ஓர் இடத்திலும் வழங்குகின்றது. பழைய தமிழ் வேதாகமத்தில் திருச்சபையின் தலைவரைக் குறிக்கும் சொல் ‘கண்காணி’ என்பதே. கிரேக்க மூலத்திலுள்ள ‘எபிஸ்கொப்போஸ்’ என்னும் சொல்லுக்கு ‘மேலிருந்து பார்ப்பவன்’ என்பது பொருள். ஆங்கிலத்தார் ‘பிஷப்’ என்பதும் அதன் வழிவந்த சொல்லேயாம். மொழிபெயர்ப்பாளர் கண்ணையும் காணுதலையும் சேர்த்துத் தமிழில் ஒரு சொல் வைத்தனர். அவ்வளவில் நிற்கவில்லை. தீத்துவுக்கு எழுதப்பட்ட நிருபத்தில், கண்காணி எனப்படுபவர் இறைவனின் ‘உக்கிராணக்காரனுக்கு’ ஏற்ற வகையில் நடத்தல் வேண்டும் என்னும் கருத்து வருகின்றது. ஒரே வாக்கியத்தில் கண்காணியும் உக்கிராணக்காரனும் அருகருகே நிற்கின்றனர். மேற்பார்வை செய்பவனே பிறர் பொருளைக் காக்கும் பணியாளனுமாவான் என்பது அதன் உட்பொருள்.

இவ்விரு சொற்களின் உறவு அறுந்தால் என்ன நேரும்? 2013ஆம் ஆண்டில் செர்மனி நாட்டின் லிம்பர்க் என்னும் கத்தோலிக்க மறைமாவட்டத்தில் நிகழ்ந்தது அவ்வினாவுக்கு விடை. அந்நிகழ்ச்சியைப் பலரும் பலவாறு எழுதினர். ஆயினும் பெரும்பாலோர் அதன் மேற்புறத்தையே கண்டு சென்றனர் என்பது எம் கருத்து. எவருடைய சமய நம்பிக்கையையும் எடைபோடுதல் ஈண்டு நம் நோக்கமன்று. சொல்லையும், அச்சொல்லின் வழி அமைந்த முறையையும், அம்முறை தவறிய இடத்தையும் ஆராய்தலே நோக்கம்.

மூன்று பெயர்கள்

தமிழ்க் கத்தோலிக்கர் தம் தலைவரை முன்னாளில் ‘மேற்றிராணியார்’ என்றனர். அவர் ஆட்சிப் பகுதியை ‘மேற்றிராசனம்’ என்றனர். இன்று ‘ஆயர்’ என்றும் ‘மறைமாவட்டம்’ என்றும் வழங்குகின்றனர். மேற்றிராணியார் என்னும் சொல்லின் பிறப்பு எதுவாயினும் ஆகுக. கேட்போர் செவியில் ‘மேல்’ என்னும் ஒலியே முந்தி விழும். அஃது உயரத்தைக் காட்டும் சொல். ‘ஆயர்’ என்பதோ முல்லை நிலத்துச் சொல். மந்தையை மேய்ப்பவர், காப்பவர், காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்பவர் என்னும் இனிய பொருள்களை அது தருகின்றது. அன்பைக் காட்டும் சொல் அது.

இவ்விரு சொற்களிலும் இல்லாத ஒன்று ‘கண்காணி’ என்னும் சொல்லில் உண்டு. மேலானவரிடம் கீழுள்ளவர் கணக்குக் கேட்பதில்லை. ஆடுகளும் ஆயனிடம் கணக்குக் கேட்பதில்லை. ஆடு கேட்பது புல்லும் நீருமே. ஆனால் கண்காணி என்றதும், அவர் யாருக்காகக் காண்கின்றார், யாருடைய பொருளைக் காண்கின்றார் என்னும் வினாக்கள் தாமே எழுகின்றன. அவருக்கு மேல் ஒருவர் உண்டு. அவர் பொறுப்பில் பிறர் பொருள் உண்டு. அதற்குக் கணக்கும் உண்டு. தோட்டத்துக் கங்காணிக்குக்கூட மேலே கிராணியாரும் துரையும் இருந்தனர்.

ஆயர் என்னும் சொல் தவறானதன்று. அன்புக்கு அச்சொல்லே ஏற்றது. ஆனால் பணத்தைப் பற்றிப் பேசும் வேளையில் மேய்ப்பனின் உவமை போதாது. உவமை ஒன்று பொருந்தாத இடத்திலும் நீண்டு சென்றால், உண்மையை விளக்குவதற்கு மாறாக மறைக்கத் தொடங்கும். இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை நன்கு அறிவர்.

உக்கிராணக்காரன் உவமை

உக்கிராணம் என்பது பண்டசாலை. அரண்மனையிலும் பெருங்கோயிலிலும் நெல்லும் நெய்யும் பருப்பும் சேர்த்து வைக்கும் அறை. அதன் திறவுகோலை வைத்திருப்பவன் உக்கிராணக்காரன். உள்ளே ஆயிரம் மூட்டை இருப்பினும் ஒரு படியும் அவனுடையதன்று. வேதாகமத்தின் புதிய தமிழ் மொழிபெயர்ப்பு ‘வீட்டுப் பொறுப்பாளர்’ என்னும் எளிய தொடரை ஆள்கின்றது. எளிமை நன்றே, எனினும் பண்டசாலையின் வாசனையும் திறவுகோலின் ஓசையும் பழைய சொல்லிலேயே உள்ளன.

கிரேக்கத்தில் இவன் ‘ஒய்கொநொமோஸ்’ எனப்படுவான். வீட்டை முறைப்படி நடத்துபவன் என்பது பொருள். பொருளாதாரத்திற்கு ஆங்கிலத்தார் வைத்த பெயரும் இதன் வழியினதே. லூக்கா எழுதிய நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் இவனைப் பற்றிய உவமைக் கதையொன்று உண்டு. செல்வன் ஒருவனின் உக்கிராணக்காரன் பொருளை வீணாக்குகின்றான் என்று குற்றச்சாட்டு எழுகின்றது. செல்வன் அவனை அழைத்துக் கணக்கை ஒப்படைக்கச் சொல்கின்றான். வேலை போகப்போகின்றது என்று அறிந்த அவன், கடன்பட்டோரைத் தனித்தனியே அழைத்துச் சீட்டுகளை மாற்றி எழுதச் செய்கின்றான். நூறு அளவு எண்ணெய் ஐம்பதாகின்றது. நூறு அளவு கோதுமை எண்பதாகின்றது. முடிவில் தலைவன் அவனுடைய சாமர்த்தியத்தைப் பாராட்டுகின்றான்!

இப்பாராட்டு உரையாசிரியர்களை நெடுங்காலமாகத் திகைக்க வைத்துள்ளது. திருடனைப் பாராட்டலாமா என்பது அவர்தம் தடுமாற்றம். நாம் அத்தடுமாற்றத்துட் புகவேண்டுவதில்லை. கதையின் அமைப்பை மட்டும் நோக்குவோம். கதை தொடங்குவது எங்கே? ஒருவர் வந்து குற்றம் சாட்டிய இடத்தில். கதை நகர்வது எதனால்? தலைவன் கணக்குக் கேட்டதனால். அவ்விரண்டும் இல்லையேல் கதையே இல்லை. உக்கிராணக்காரன் இன்னும் பல்லாண்டு பண்டசாலையைக் காலி செய்துகொண்டே இருந்திருப்பான். ஊரார் அவனை நல்லவன் என்றும் சொல்லியிருப்பர். கணக்குக் கேட்கும் குரல் ஒன்று உண்டு என்பதே இவ்வுவமையின் அச்சாணி.

லிம்பர்க்கில் நிகழ்ந்தது

லிம்பர்க், லான் ஆற்றங்கரையில் உள்ள சிறு நகரம். அங்கே 1982 முதல் 2007 வரை ஆயராக இருந்தவர் பிரான்ஸ் கம்ப்ஹவுஸ். ஆயர்க்குரிய இல்லத்தில் தாம் வாழாமல் அதனை ஓர் அகதிக் குடும்பத்திற்குக் கொடுத்துவிட்டுக் குருமடத்தில் எளிய முறையில் தங்கியவர் அவர். அவருக்குப்பின் 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரான்ஸ்-பீட்டர் டெபார்ட்ஸ்-வான் எல்ஸ்ட் பொறுப்பேற்றார். அருட்பணி இயலில் பேராசிரியராக இருந்தவர்; கற்றவர்; வழிபாட்டின் அழகில் மிகுந்த நாட்டம் உடையவர்.

பேராலயம் நிற்கும் குன்றின்மேல் புனித நிக்கொலாசு பெயரால் ஒரு கட்டடத் தொகுதி எழுந்தது. ஆயரின் இல்லம், சிற்றாலயம், அலுவலகங்கள், கூட்ட அறைகள், தோட்டம் ஆகியவை அதில் அடங்கும். ஏறத்தாழ 55 இலட்சம் யூரோ ஆகும் என்று முதலில் மக்களுக்குச் சொல்லப்பட்டது. 2013ஆம் ஆண்டு நடுவில் அத்தொகை 98 இலட்சத்து 50 ஆயிரம் ஆயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் உண்மை வெளிவந்தது: 3 கோடியே 10 இலட்சம் யூரோ! சிற்றாலயத்திற்கு மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம். தோட்டத்திற்கு 7 இலட்சத்து 83 ஆயிரம். குளியல் தொட்டி ஒன்றிற்கு 15 ஆயிரம்.

இதற்கு முன்னரே வேறொரு சிக்கலும் இருந்தது. 2012ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியாவில் ஏழைகளுக்காக நடைபெறும் பணிகளைக் காணச் சென்ற ஆயர், விமானத்தின் முதல் வகுப்பிற் பயணம் செய்தார். அதனை எழுதிய வார இதழோடு வழக்கு மூண்டபோது நீதிமன்றத்தில் அவர் அளித்த உறுதிமொழி உண்மைக்கு மாறானது என்று குற்றச்சாட்டு எழுந்தது. 2013 நவம்பரில் 20 ஆயிரம் யூரோ செலுத்தும் உடன்பாட்டின்பேரில் அவ்வழக்கு முடிக்கப்பட்டது.

போப்பாண்டவர் பிரான்சிஸ் 2013 அக்டோபரில் ஆயரை மறைமாவட்டத்தை விட்டு விலகியிருக்கப் பணித்தார். செர்மனி ஆயர் பேரவை அமைத்த குழுவொன்று கணக்குகளை ஆராய்ந்தது. நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அதன் அறிக்கை 2014 மார்ச் 26ஆம் நாள் வெளியாயிற்று. அதே நாளில் ஆயரின் பதவி விலகல் ஏற்கப்பட்டது.

குளியல் தொட்டியா குற்றம்?

உலகச் செய்தித்தாள்கள் இக்கதையை எவ்வாறு சொல்லின? ‘ஆடம்பர ஆயர்’ என்று பெயர் சூட்டின. குளியல் தொட்டியின் படத்தைத் தேடின. படிப்போர் சினந்தனர், நகைத்தனர், மறந்தனர். இத்தகைய எழுத்தில் ஒரு குறை உண்டு. அது குற்றத்தை ஒரு மனிதரின் ஆசையாகச் சுருக்கிவிடுகின்றது. ஆசை மிக்கவர் போனார். எனவே தீமையும் போயிற்று என்று படிப்போர் எண்ணிக்கொள்வர்.

அறிக்கை காட்டுவது வேறு. அங்கே 50 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட பெருஞ்செயலுக்கு உரோமாபுரியின் இசைவு வேண்டும். அவ்விசைவைத் தவிர்க்கும் பொருட்டு ஒரே கட்டடப் பணி பல சிறு பணிகளாகப் பிரித்துக் காட்டப்பட்டது என்று குழு கண்டது. உவமைக் கதையில் உக்கிராணக்காரன் நூறை ஐம்பதாக்கினான். இங்கே ஒன்று பலவாயிற்று. சீட்டை மாற்றி எழுதும் கலை இரண்டாயிரம் ஆண்டுகளில் சிறிதே வளர்ந்துள்ளது!

அதனினும் பெரிய செய்தி ஒன்று. கட்டடப் பணம் மறைமாவட்டத்தின் பொதுக் கணக்கிலிருந்து வரவில்லை. ‘ஆயர் பீடம்’ என்னும் பெயரில் தனியே ஒரு சொத்துத் தொகுதி இருந்தது. பழைய அறக்கொடைகளாலும் பிற வழிகளாலும் சேர்ந்த செல்வம் அது. அதன் கணக்கு அந்நாளில் மக்களுக்கு வெளியிடப்படவில்லை. அதனை மேற்பார்க்க மூவர் கொண்ட ஒரு குழு இருந்தும், அக்குழு தன் கடமையைப் போதிய அளவு செய்யவில்லை என்பது அறிக்கையின் முடிவு. உண்மைச் செலவு வேண்டுமென்றே மறைக்கப்பட்டது என்பதும் அதன் முடிவு.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையோடு கேட்டல் வேண்டும். பழங்கட்டடத்தைப் பேணுதலும் பாறைக் குன்றில் கட்டுதலும் செலவு மிக்கவை என்றனர், அஃது உண்மையே. செர்மனியில் கத்தோலிக்கர் தம் வருமான வரியின்மேல் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது வீதம் செலுத்தும் திருச்சபை வரியிலிருந்து இப்பணம் எடுக்கப்படவில்லை என்றனர். அதுவும் ஒருவகையில் உண்மையே. ஆனால் இவ்வாதத்தின் உட்கிடை யாது? ‘இஃது உங்கள் பணமன்று, ஆகவே உங்களுக்குக் கணக்கில்லை’ என்பதன்றோ? அங்ஙனமாயின் அது யாருடைய பணம்? என்றோ இறந்துபோன கொடையாளி இன்று எழுந்து வந்து கணக்குக் கேட்கமாட்டான். கேட்க ஆளில்லாத பொருளுக்கே கண்காணிப்பு மிகுதியாக வேண்டும். பேசாத கொடையாளியின் பொருட்டே உக்கிராணக்காரனுக்கு மனச்சான்று வேண்டப்படுகின்றது.

தாம் நிருவாகத் துறையில் வல்லுநர் அல்லர் என்னும் கருத்துப்பட ஆயரும் விளக்கம் தந்தார். இருக்கலாம். ஆனால் எல்லாத் துறையிலும் ஆயர் வல்லுநராக இருக்க முடியாது என்பதை அறிந்தன்றோ திருச்சபைச் சட்டம் அவருக்குப் பக்கத்தில் வல்லுநர் குழுவை இருத்தியது? அறியாமை கணக்குக் காட்டாமைக்குக் காரணமாகாது. பிறரிடம் காட்டிச் சரிபார்ப்பதற்கே அது காரணம்.

சட்டத்தின் சொற்கள்

1983ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1752 விதிகள் உள்ளன. பணத்தைப் பற்றிய விதிகளைப் படிப்போர் வியப்படைவர். இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தும் தவறினரே என்பது அவ்வியப்பு. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் பொருளியலிலும் நாட்டுச் சட்டத்திலும் வல்ல, நேர்மையிற் சிறந்த மூவரேனும் கொண்ட நிதிக்குழு இருத்தல் வேண்டும் என்கின்றது 492ஆம் விதி. ஆயரின் நெருங்கிய உறவினர் அதில் இடம்பெறலாகாது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் வகுப்பதும் ஆண்டு முடிவிற் கணக்கை ஆராய்ந்து ஏற்பதும் அக்குழுவின் கடமை. 494ஆம் விதி நிதிப் பொறுப்பாளர் ஒருவரை ஏற்படுத்துகின்றது. ஐந்தாண்டுப் பதவிக்காலத்துள் தக்க பெருங்காரணமின்றி அவரை நீக்கலாகாது. ஒரு நோக்கத்திற்காகக் கொடுத்த காணிக்கையை அந்நோக்கத்திற்கே செலவிட வேண்டும் என்பது 1267ஆம் விதி.

நல்ல விதிகள். எனினும் சொல்லாராய்ச்சி செய்வோர் கண்ணுக்கு மூன்று இடங்கள் தட்டுப்படுகின்றன.

முதலாவது: நிதிக்குழுவினரை நியமிப்பவர் யார்? ஆயரே. தம்மைப் பார்க்கும் கண்களைத் தாமே தேர்ந்துகொள்கின்றார். உறவினரை விலக்கிய சட்டம் நண்பரை விலக்கவில்லை, விலக்கவும் இயலாது. உறவுக்கு அளவுகோல் உண்டு; நட்புக்கும் பணிவுக்கும் அச்சத்திற்கும் அளவுகோல் இல்லை.

இரண்டாவது: நிருவாகிகள் ‘நல்ல குடும்பத் தலைவனின்’ கவனத்தோடு செயற்படல் வேண்டும் என்கின்றது 1284ஆம் விதி. பண்டைய உரோமச் சட்டத்திலிருந்து வந்த தொடர் இது. கேட்பதற்கு இனிது. ஆனால் குடும்பத் தலைவன் வேறு, உக்கிராணக்காரன் வேறு. குடும்பத் தலைவன் தன் பொருளைக் காக்கின்றான். பிள்ளைகளுக்குக் கணக்குக் காட்டும் வழக்கமில்லை. உக்கிராணக்காரன் பிறர் பொருளைக் காக்கின்றான். கணக்கே அவன் உயிர். கவனத்திற்குக் குடும்பத் தலைவனை அளவாக வைத்தது பொருந்தும். ஆனால் அவ்வுருவமே மனத்தில் நிலைத்துவிட்டால், நிருவாகி தன்னை அறியாமலே உடைமையாளனாகிவிடுவான். இரண்டு உவமைகள் ஒரே சட்டத்தில் மோதுகின்றன என்பதைச் சுட்டாமல் விடலாகாது.

மூன்றாவது: மக்கள் கொடுத்த காணிக்கையைப் பற்றி மக்களுக்கே கணக்குக் காட்ட வேண்டும் என்று 1287ஆம் விதியின் இரண்டாம் பகுதி கூறுகின்றது. சட்டத்தின் ஒளிமிக்க வரி இதுவே எனலாம். ஆனால் உடனே, அந்தந்த இடத்துச் சட்டம் வகுக்கும் முறைப்படி என்னும் கருத்தும் சேர்கின்றது. இடத்துச் சட்டத்தை வகுப்பவர் யார்? ஆயரே! கணக்குக் காட்ட வேண்டியவரே, எவ்வாறு, எவ்வளவு காட்ட வேண்டும் என்பதையும் வரையறுக்கின்றார். கதவைத் திறந்து வைத்த சட்டம், தாழ்ப்பாளை உட்புறத்தில் வைத்துவிட்டது.

உரோமாபுரியின் மேற்பார்வை உண்டே எனலாம். உண்டு, ஆயர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம் மறைமாவட்டத்தின் நிலையைப் போப்பாண்டவருக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் ஐந்தாண்டு நெடுங்காலம். உரோமாபுரியும் நெடுந்தொலைவு. குன்றின்மேல் சுவர் எழுவதை நாள்தோறும் கண்டவர் லிம்பர்க் மக்களே. கேட்கும் உரிமை மட்டும் அவர்களிடம் இல்லை.

சாட்சியின்றி ஆகாது

இக்குறையைத் தீர்க்கப் புதிய கொள்கை ஏதும் வேண்டுவதில்லை. திருச்சபையின் பழைய மரபிலேயே விடை உண்டு. கி.பி. 451ஆம் ஆண்டில் கால்சிதோன் நகரிற் கூடிய பொதுச்சங்கம் இயற்றிய 26ஆம் விதி இதைப் பற்றியதே. ஆயர் உள்ள ஒவ்வொரு சபையிலும் அச்சபையின் குருக்களுள் ஒருவர் ‘ஒய்கொநொமோஸ்’ ஆக இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. லூக்காவின் உவமையில் வரும் அதே சொல்! காரணத்தையும் அவ்விதி கூறுகின்றது: சபையின் நிருவாகம் சாட்சியின்றி நடத்தலாகாது, பொருள் சிதறலாகாது, குருத்துவத்தின்மேல் பழி வரலாகாது என்பது அதன் கருத்து. சில சபைகளில் ஆயர்களே தனித்து நிருவகித்து வந்தனர் என்பதையும் அவ்விதி சுட்டுகின்றது. ஆகவே லிம்பர்க்கின் நோய் புதியதன்று. அதற்கு மருந்தும் புதியதன்று.

இன்னும் முற்பட்ட சான்று பவுலின் இரண்டாம் கொரிந்தியர் நிருபத்தில் உள்ளது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பல ஊர்ச் சபைகளிலிருந்து பணம் திரட்டினார் பவுல். அவருடைய நேர்மையில் ஐயம் கொண்டோர் சிலரே. எனினும் அவர் தனித்துப் பணத்தைக் கொண்டுசெல்ல இசையவில்லை. இறைவன் முன்னிலையில் மட்டுமின்றி மனிதர் முன்னிலையிலும் நேர்மை விளங்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவர் அவருடன் சென்றார். ‘சபைகள் தேர்ந்தெடுத்த’ என்பதை ஆசிரியர்கள் கோடிட்டுப் படித்தல் நன்று. சாட்சியைத் தேர்ந்தவர் பணத்தைக் கொண்டுசென்றவர் அல்லர், பணத்தைக் கொடுத்தவர்கள். பிற்காலச் சட்டம் இவ்விடத்திலேதான் தன் மூலத்திலிருந்து விலகியது.

இங்கே நல்ல ஆயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கம்ப்ஹவுஸின் எளிமையைக் காட்டி அடுத்தவரை இகழ்ந்தோர் பலர். ஆனால் எளியவர் ஆண்ட கால் நூற்றாண்டிலும் ஆயர் பீடத்தின் கணக்கு வெளியிடப்படவில்லை. அவர்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை, கணக்கின் இடத்தில் அமர்ந்திருந்தது. அவர் அதனைத் தவறாகப் பயன்படுத்தவில்லை; ஆயினும் பூட்டில்லாத கதவை அப்படியே விட்டுச் சென்றார். ஒருவர் நல்லவர் என்பது அவர் காலத்திற்குப் போதும். அடுத்தவர் காலத்திற்குப் போதாது. நல்லவர் இருக்கும் காலத்திலேயே முறையை அமைத்துவிடல் வேண்டும். ஏனெனில் அப்போதுதான் அதனை எவரும் அவமதிப்பாகக் கொள்ளமாட்டார்.

லிம்பர்க்கின் வடு ஒரு நன்மையையும் விளைத்தது. 2013 இறுதியிலிருந்து செர்மனியின் மறைமாவட்டங்கள் அதுவரை மறைத்து வைத்திருந்த ஆயர் பீடக் கணக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடலாயின. 2015ஆம் ஆண்டில் கொலோன் உயர்மறைமாவட்டம் தன் சொத்து மதிப்பு 335 கோடி யூரோ என்று அறிவித்தது. ஆனால் அதற்குள் இழப்பும் நேர்ந்துவிட்டது. செர்மனியில் 2012ஆம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு முறைப்படி விலகினோர் ஏறத்தாழ 1,18,000 பேர். 2013இல் அத்தொகை 1,78,000ஐக் கடந்தது. எல்லாரும் லிம்பர்க்கினாலேயே விலகினர் என்று கூறுதல் நேர்மையாகாது. எனினும் குன்றின்மேல் எழுந்த அச்சுவர் பலர்க்கு வெளிவாயிலைக் காட்டியது என்பதில் ஐயமில்லை.

நமக்குரிய பாடம்

இவையெல்லாம் செர்மனியின் செய்தி என்று ஒதுக்குதல் எளிது. 2004ஆம் ஆண்டில் நம் சிங்கப்பூரிலேயே பங்குக் குரு ஒருவர், ஆலயப் பணத்தில் 50 இலட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட தொகையைக் கையாண்ட குற்றத்திற்காக ஏழரை ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதன்று இது. உண்டியல் உள்ள எவ்விடத்திற்கும் உரியது. கோயிலாயினும், பள்ளிவாசலாயினும், சங்கமாயினும், பள்ளிக்கூடப் பெற்றோர் கழகமாயினும் ஒன்றே.

வள்ளுவர் தெரிந்துவினையாடல் அதிகாரத்தின் இறுதிக் குறளில், வினைசெய்வானை மன்னன் நாள்தோறும் ஆராய்தல் வேண்டும் என்கின்றார். அவன் கோணாதிருந்தால் உலகம் கோணாது என்பது காரணம். வள்ளுவர் நாள்தோறும் என்றார். திருச்சபைச் சட்டம் ஆண்டுதோறும் என்றது. லிம்பர்க்கில் அதுவும் பெயரளவில் நின்றது. அன்றியும் அங்கே மன்னனும் வினைசெய்வானும் ஒருவரேயாயினர். ஆராய்பவனும் ஆராயப்படுபவனும் ஒருவனாகும் இடத்தில் குறளின் அறிவுரை செயலற்றுப் போகின்றது. அவ்விருவரும் என்றும் இருவராகவே இருத்தல் வேண்டும் என்பது அக்குறளை மீண்டும் படித்து நாம் பெறும் பாடம்.

நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். செயலாளர் அறிக்கைக்கு ஒரு மணி நேரம். பாராட்டுரைக்கு இரண்டு மணி நேரம். பொருளாளர் கணக்குக்கு இரண்டு நிமிடம். ‘ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுத் தேநீருக்கு எழுந்து விடுகின்றோம். எவரேனும் ஒருவர் எழுந்து ஒரு தொகையைப் பற்றி வினவினால், அவரைக் குறும்பர் என்கின்றோம். ‘என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று பொருளாளர் முகம் வாடுகின்றார். கணக்குக் கேட்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்னும் தவறான எண்ணமே இதற்கெல்லாம் வேர். பவுல் தம்மீது ஐயம் இல்லாதபோதே சாட்சியை வேண்டினார். நேர்மையாளனுக்குக் கணக்கு சுமையன்று, கவசம். அதனை அவனுக்கு மறுப்பவர் அவனுடைய நண்பராகார்.

காணிக்கை இடுவோர் பெரும்பாலும் பெருஞ்செல்வர் அல்லர். வார இறுதியில் கூலியை எண்ணி, வாடகையும் அரிசியும் போக, எஞ்சியதில் ஒரு வெள்ளியை மடித்து உண்டியலில் இடும் தாய்மார்களே மிகுதி. அந்த ஒரு வெள்ளி எங்கே சென்றது என்று அத்தாய் கேட்கமாட்டாள். கேட்கவேண்டும் என்று அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அவளுக்காகக் கேட்பதும், கேட்கும் உரிமையை அவள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் எழுத்தறிந்தோர் கடமை. தமிழாசிரியர்க்கு அக்கடமை இருமடங்கு.

தொடங்கிய சொல்லுக்கே திரும்புவோம். கண்காணி என்னும் சொல் தோட்டத்தில் கங்காணி ஆயிற்று என்றோம். இவ்விரு வடிவங்களையும் பலகையில் அருகருகே எழுதி மாணவர்க்குக் காட்டுங்கள். பேச்சில் மருவியபோது அச்சொல் இழந்தது எதனை? ‘கண்’ணை அன்றோ! ஒலி மாற்றத்தால் நேர்ந்ததே அது. எனினும் அது கற்பிக்கும் பாடம் பெரிது. பிறர் பொருளைக் காப்பவன் கணக்கை மறந்த அன்றே, கண்காணி என்னும் பெயரிலிருந்து கண் போய்விடுகின்றது. எஞ்சி நிற்பது வெறும் அதிகாரமே.